தாமான் வீடும் தரகுப் பணமும்

நெகிரி செம்பிலானில் தோட்டங்களை ஒட்டி எழுந்த தாமான் என்ற வீடமைப்புப் பகுதிகளில் இன்று ஒரு தலைமுறையே வீடு விற்கும் வயதுக்கு வந்திருக்கிறது. லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ், கிம்மாஸ் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே நிலைதான். தோட்டம் கைமாறியபோதோ தொழிலாளர் குடியிருந்த லயம் இடிபட்டபோதோ வெளியே வந்த குடும்பங்கள், கையில் கிடைத்த பணிநீக்க இழப்பீட்டையும் ஊழியர் சேமநிதியில் சேர்ந்திருந்ததையும் ஒன்றாகப் போட்டு வாங்கிய வரிசை வீடுகள் அவை. அந்த இழப்பீட்டுக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் ஓர் அளவு வைத்திருந்தன. 5 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம். 25 ஆண்டு பால்மரம் வெட்டியவருக்கு மொத்தம் 500 நாள் கூலி. அந்த 500 நாள்தான் பல வீடுகளுக்கு முன்பணமாகப் போனது.

வீட்டை வாங்கியவர்களுக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சிங்கப்பூரிலும் வேலைக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டார்கள். வீட்டை விற்கலாம் என்று முடிவானதும் வாயில் வரும் முதல் கேள்வி, "ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுக்கணும்?" என்பதுதான். அந்தப் பணம் எப்போது கொடுக்கப்படுகிறது, யார் பணத்திலிருந்து எடுக்கப்படுகிறது, எதை முடித்ததற்காக என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஏஜெண்டு யாருக்காக உழைக்கிறார் என்பதை முடிவு செய்பவை கேட்கப்படாத இந்த மூன்றும்தான்.

மலேசியாவில் வீடு விற்றுக் கொடுத்துக் கட்டணம் வாங்கும் தொழிலை 242ஆம் எண் சட்டம் கட்டுப்படுத்துகிறது. 1981இல் இயற்றப்பட்ட இந்தச் சட்டத்தின் கீழ் மதிப்பீட்டாளர்களையும் சொத்து முகவர்களையும் ஒரு வாரியம் பதிவு செய்கிறது. வாரியத்தை மலாய்ச் சுருக்கெழுத்தில் 'எல்.பி.பி.இ.எச்.' என்பார்கள். தேர்வு எழுதிப் பதிவு பெற்ற முகவர் ஒருவகை. அவருடைய நிறுவனத்தின் கீழ், அவருடைய பொறுப்பில் வேலை செய்யும் 'நெகோஷியேட்டர்' இன்னொரு வகை. நம் வீட்டு வாசலுக்கு வருகிறவர் அநேகமாக இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். கழுத்தில் சிவப்பு அட்டை தொங்கும். அதில் 'ஆர்.இ.என்.' என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்ணை வாரியத்தின் இணையப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்த இரு வகையிலும் சேராதவர் எத்தனை நல்லவராக இருந்தாலும், கோயில் கமிட்டியிலேயே இருந்தாலும், வீட்டை விற்றுத் தந்து கமிஷன் வாங்கச் சட்டம் அவருக்கு இடம் தரவில்லை. 2018இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், உரிமம் இல்லாத தரகுக்கு உச்சத் தண்டனையை 3 லட்சம் ரிங்கிட் அபராதம் அல்லது 3 ஆண்டுச் சிறை, அல்லது இரண்டும் என்று உயர்த்தியது.

கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. விற்பனை விலையில் 3 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. விலை மிகக் குறைவாக இருந்தால் குறைந்தபட்சமாக 1,000 ரிங்கிட் வாங்கலாம். 3 என்பது உச்சம்தான், கட்டாயம் அல்ல. பேசி 2 அல்லது 2.5க்குக் கொண்டுவரலாம். நம்மவர்களில் பலர் இதை அரசாங்கம் விதித்த வரியைப் போல நினைத்து, பேசாமலேயே தலையாட்டிவிடுகிறார்கள். ஏஜெண்டை நியமித்தவர் விற்பவர் என்பதால் கட்டணமும் அவருடையது. அதே விற்பனையில் வாங்குபவரிடமும் தனியாகக் கட்டணம் வாங்க ஏஜெண்டுக்கு அனுமதி இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வீடு 1,80,000 ரிங்கிட்டுக்குப் போகிறது, கட்டணம் 3 விழுக்காடு என்றே வைத்துக்கொள்வோம். ஏஜென்சியின் கட்டணம் 5,400. அதன்மேல் சேவை வரி உண்டு. 2024 மார்ச் 1 முதல் அது 6இலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. வரிக்குப் பதிவு செய்த நிறுவனமாக இருந்தால் 432 ரிங்கிட் சேரும். மொத்தம் 5,832. வரி முழு விலைக்கல்ல, கட்டணத்துக்கு மட்டும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பணத்தை விற்பவர் பெரும்பாலும் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. வாங்குபவர் முதலில் ஒரு விருப்பக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் கட்டுகிறார். அது விற்பவர் கைக்கு வராது. ஏஜென்சியின் வாடிக்கையாளர் கணக்கில், இரு தரப்புக்கும் பொதுவான காப்புப் பணமாக நிற்கும். இரண்டு மூன்று வாரத்தில் வழக்கறிஞர் அலுவலகத்தில் விற்பனை ஒப்பந்தம், நம் பேச்சில் 'எஸ்.என்.பி.', கையெழுத்தாகிறது. அப்போது வாங்குபவர் மீதியைக் கட்டி 10 விழுக்காட்டை நிறைவு செய்கிறார். ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஏஜென்சி, தன்னிடம் இருக்கும் முன்பணத்திலிருந்தே கட்டணத்தை எடுத்துக்கொள்கிறது. நம் கணக்கில் முன்பணமும் 5,400, கட்டணமும் 5,400. வரியைத் தவிர கணக்கு அப்படியே தீர்ந்துவிடுகிறது. மீதி 90 விழுக்காடு வங்கிக் கடன் வழியாக வர வழக்கமாக 3 மாதம் ஆகும். தவறினால் வட்டியோடு இன்னொரு மாதம். வீட்டின்மேல் பழைய கடன் பாக்கி இருந்தால், வரும் பணம் முதலில் அதை அடைத்துவிட்டுத்தான் விற்பவரிடம் வரும்.

ஆகவே விற்பவர் முழுப் பணத்தையும் கண்ணால் பார்ப்பதற்குச் சில மாதங்கள் முன்பே ஏஜெண்டின் கணக்கு முடிந்துவிடுகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வாங்குபவரையும் விற்பவரையும் ஓர் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை, அது முடிந்துவிட்டது. ஆனால் தோட்டத்தில் மாதச் சம்பளத்தையும் மாதக் கழிவையும் மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு பெரியவருக்கு, தன் பணம் வருமுன் இன்னொருவர் பணம் எடுத்துக்கொள்வது பிடுங்கிக்கொள்வதாகவே படும். முதல் நாளே உட்கார்ந்து விளக்கும் ஏஜெண்டு இந்தச் சண்டையைத் தவிர்த்துவிடுகிறார். நியமனக் கடிதத்தில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய வாசகம் ஒன்று உண்டு: ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு வாங்குபவர் பின்வாங்கினால் கட்டணம் என்ன ஆகும்? கையெழுத்துக்கு முன்பே வாங்குபவர் காரணமின்றி விலகினால், அவர் இழக்கும் முன்பணத்தை விற்பவரும் ஏஜென்சியும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்வதாகப் பல படிவங்களில் அச்சிட்டே இருக்கும். அதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.

அந்த 5,400 ரிங்கிட் ஒரே ஆளுக்குப் போவதில்லை. வாங்குபவரை வேறொரு ஏஜென்சி அழைத்து வந்திருந்தால் இருவரும் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். வழக்கம் சரிபாதி. நம் பக்கத்து ஏஜென்சிக்கு 2,700. அதில் நெகோஷியேட்டரின் பங்கு அவருடைய ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கணக்குக்காக 70 விழுக்காடு என்று வைத்தால் 1,890. பெரும்பாலான நெகோஷியேட்டர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பெட்ரோல், விளம்பரம், தொலைபேசி எல்லாம் இந்த 1,890க்குள்தான். விற்காத வீட்டுக்கு ஒரு காசும் இல்லை.

விற்பவர் இன்னும் 10,000 ரிங்கிட் அதிகம் கிடைக்கும்வரை காத்திருக்கலாம் என்று நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அது கிட்டத்தட்ட முழு 10,000. அதே 10,000இல் ஏஜென்சிகளுக்கு வருவது 300, பாதியாகப் பிரித்தால் 150, நெகோஷியேட்டர் கையில் 105. இந்த 105 ரிங்கிட்டுக்காக அவர் இன்னும் இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் சிரம்பானிலிருந்து பகாவுக்குக் கார் ஓட்டுவாரா? "இந்த விலைக்கே கொடுத்துடலாம் அண்ணே, மார்க்கெட் இப்ப சரியில்ல" என்று அவர் சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. சில சமயம் அது உண்மையே. ஆனால் அந்த அறிவுரையில் அவருடைய கணக்கும் கலந்திருக்கிறது.

இது வெறும் ஊகமல்ல. ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் சிக்காகோ வட்டாரத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஏஜெண்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்றபோது, அதே வகை வாடிக்கையாளர் வீட்டைவிட 3.7 விழுக்காடு அதிக விலை பெற்றார்கள். சராசரியாக 9.5 நாள் கூடுதலாகச் சந்தையில் வைத்திருந்தார்கள். சொந்த வீடென்றால் காத்திருக்கிறார்கள், மற்றவர் வீடென்றால் முடித்துவிடப் பார்க்கிறார்கள். விழுக்காட்டுக் கமிஷனின் இயல்பே இது. பக்கத்து வீதியில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையைத் தாமே விசாரித்து வைத்திருக்கும் விற்பனையாளருக்கு ஏஜெண்டின் இந்தச் சாய்வு பெரிதாக உறைக்காது.

தோட்டத்துத் தமிழருக்குத் தரகின் மேல் உள்ள அவநம்பிக்கைக்கு வரலாறு இருக்கிறது. அவர்களுடைய முன்னோர் மலாயாவுக்கு வந்ததே ஒருவகைக் கமிஷன் ஏற்பாட்டில்தான். தொழிலாளர் மேற்பார்வையாளரான கங்காணி ஊருக்குப் போய் உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் அழைத்து வந்தார். 1907இல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வசூல் செய்து அந்தப் பயணச் செலவுகளை ஏற்றது. கங்காணிக்கு ஆளெடுத்ததற்குப் பணம். தோட்டத்தில் ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்குக் காசு. தொழிலாளி அவரைத் தன் ஊர்க்காரர், தன் சாதிக்காரர், சில வேளை மாமன் மச்சான் என்று நம்பினார். பணமோ துரையிடமிருந்து வந்தது, ஆட்கள் இறங்கும் எண்ணிக்கையைப் பொறுத்து வந்தது. காய்ச்சலில் கிடந்தவனைக் கங்காணி எழுப்பிவிட்டதன் காரணம் அவர் மனத்தைவிட அந்தக் கணக்கில்தான் அதிகம் இருந்தது. 1938இல் இந்திய அரசு இந்த ஆளெடுப்பைத் தடுத்தபோது அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

அடுத்தது தோட்டத் துண்டாடல். 1950களில், சுதந்திரம் நெருங்கும் காலத்தில், ஐரோப்பிய நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்றுப் பணத்தை வெளியே கொண்டுபோக விரும்பின. உள்ளூர்க் கூட்டுக் குழுக்கள் மொத்தமாக வாங்கி, சிறு துண்டுகளாக வெட்டி, துண்டு ஒவ்வொன்றையும் கூடுதல் விலைக்கு விற்றன. இடைப்பட்ட தரகர்களுக்கு நல்ல லாபம். சிறுதுண்டு வாங்கியவருக்கு நூறு பேரை வைத்து வேலை வாங்கும் தேவை இல்லை. வேலையும் லயமும் பள்ளியும் கோயிலும் இருந்த இடத்தை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இழந்தன. பேராசிரியர் உங்கு அஜிஸ் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து எழுதிய அறிக்கை அந்தக் காலத்தின் முக்கிய ஆவணம். நெகிரி செம்பிலானில் தம் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி.பி. நாராயணன், 1954இல் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைமையில் இருந்து இதை எதிர்த்துப் போராடினார். அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர் மாதம் 10 ரிங்கிட்டாகக் கட்டி 100 ரிங்கிட் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம். அரசாங்கம் பின்னர் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவைச் சேர்த்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது என்ற கட்டுப்பாடு வந்தது.

துண்டாடல் தரகர் கமிஷன் வாங்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அவர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே இருந்த வித்தியாசத்தை எடுத்துக்கொண்டார். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் அந்த இடைவெளி தெரியாது. இதே முறை இன்றும் தாமான் வீடுகளில், சிறிய அளவில், நடக்கிறது. 'நெட் விலை' என்பார்கள். "உங்களுக்குக் கையில எவ்வளவு வேணும், அதச் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன். கமிஷனே வேணாம்." கேட்க எவ்வளவு நல்லதாக இருக்கிறது! வீட்டுக்காரர் 1,20,000 போதும் என்கிறார். தரகர் 1,50,000க்கு ஆள் பிடிக்கிறார். வித்தியாசம் 30,000, அதாவது விலையில் 20 விழுக்காடு. முறையாக ஓர் ஏஜெண்டு வழியாக 1,50,000க்கே விற்றிருந்தால் கட்டணம் அதிகபட்சம் 4,500. கமிஷன் வேண்டாம் என்றவர் எடுத்துக்கொண்டது சட்டம் அனுமதித்ததைப்போல் ஆறு மடங்குக்கு மேல்.

இந்த 30,000 ஒப்பந்தத்தில் எங்கே மறைகிறது? சில வேளை தரகர் விற்பவரிடம் அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, விற்பவர் பெயரில் தானே கையெழுத்துப் போடுகிறார். சில வேளை ஆலோசனைக் கட்டணம், புதுப்பிப்புச் செலவு என்று தனியாக ஒரு தாளில் எழுதிக்கொள்கிறார். உயர்த்திய விலையைக் காட்டி வாங்குபவருக்கு அதிகக் கடன் எடுத்துக் கொடுப்பதும் உண்டு. வாங்குபவரும் நம்மைப் போன்ற ஒரு தொழிலாளியாகவே இருப்பார். அவர் 30 ஆண்டுக்கு அந்த 30,000க்கும் வட்டி கட்டுவார். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 168, 169ஆம் பிரிவுகள், முகவர் தன்னை நியமித்தவருக்குத் தெரியாமல் தன் லாபத்துக்காகப் பேரம் நடத்தினால், நியமித்தவர் அந்தப் பேரத்தை ஏற்க மறுக்கலாம் என்றும், அதில் முகவர் பெற்ற ஆதாயத்தைக் கேட்டு வாங்கலாம் என்றும் சொல்கின்றன. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 215, 216ஆம் பிரிவுகளின் வழி வந்தவை இவை. சட்டம் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் கையில் தாள் இல்லாத ஒருவர் அதைக் கொண்டு என்ன செய்வார்? நெட் விலைப் பேச்செல்லாம் திண்ணையில் வாய்வார்த்தையாகவே நடக்கிறது.

உரிமம் பெற்ற ஏஜெண்டுகள் இத்தனை பேர் இருக்கும்போது இந்த வீட்டுக்காரர்கள் ஏன் உரிமம் இல்லாதவரிடம் போகிறார்கள்? அறியாமை என்று சொல்லி முடித்துவிடுவது நியாயமல்ல. 3 விழுக்காட்டு விதியிலேயே இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சிரம்பான் 2, பண்டார் ஸ்ரீ செண்டாயான், நீலாய் பகுதிகளில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்களில் பெரிய நகரியங்கள் எழுந்திருக்கின்றன. அங்கே 6 லட்சம் ரிங்கிட் வீடு ஒன்றை விற்றால் கட்டணம் 18,000 வரை வரும். பழைய மலிவுவிலை வீடு 60,000க்குப் போனால் 1,800. இரண்டுக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். சொல்லப்போனால் மலிவு வீட்டுக்கு வேலை அதிகம். பட்டாவில் இறந்துபோன தகப்பனார் பெயரே நிற்கும், வாரிசுகள் நான்கு ஊர்களில் இருப்பார்கள், வாங்க வருபவருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது, வங்கி இரண்டு முறை கடனை மறுக்கும். பங்கு போக மிஞ்சும் சில நூறுக்காக ஆறு மாதம் அலைய எந்த நெகோஷியேட்டரும் தயங்குவார். அந்த வெற்றிடத்தில்தான் தாமானிலேயே குடியிருக்கும், தமிழ் பேசும், எல்லாரையும் தெரிந்த புரோக்கர் வந்து உட்கார்கிறார். விற்பவரைப் பாதுகாக்க வைத்த உச்சவரம்பு, விலை குறைந்த வீட்டுக்காரரை உரிமம் பெற்றவர்கள் எட்டிப் பார்க்காத இடத்தில் விட்டுவிடுகிறது. அதற்காக வரம்பை உயர்த்த வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 60,000 ரிங்கிட் வீட்டில் ஒவ்வொரு நூறும் கணக்கு. வேறு வழி வேண்டும், அதற்கு வருகிறேன்.

நெகிரி செம்பிலானுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இங்கே எல்லா நிலமும் எல்லாருக்கும் விற்கக்கூடியதல்ல. ரெம்பாவ், தம்பின், கோலப்பிலா, ஜெலுபு வட்டாரங்களில் அடாட் பெர்பாத்தே என்னும் தாய்வழி மரபுப்படி குலத்துப் பெண்களின் பெயரில் பதிவான நிலங்கள் இருக்கின்றன. 1909இல் வந்த சட்டமும் பின்னர் அதன் இடத்தில் வந்த சட்டமும் அந்த நிலத்தைக் குலத்துக்கு வெளியே போகவிடாமல் காக்கின்றன. அந்தக் குலத்தைச் சேர்ந்த பெண்ணுக்கே அது கைமாறலாம். மலாய் ஒதுக்கீட்டு நிலம் இன்னொரு வகை. வீடமைப்புப் பகுதிகளில் பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீடுகளை மற்றவருக்கு விற்க மாநில அரசின் விடுவிப்பு வேண்டும். மலிவுவிலை வீடுகள் பலவற்றின் பட்டாவில், மாநில அரசின் ஒப்புதல் இன்றிக் கைமாற்றக்கூடாது என்ற நிபந்தனை அச்சாகியிருக்கும். குத்தகை நிலத்திலும் அப்படியே. ஒப்புதலுக்கு மாதங்கள் ஆகும். ஒப்பந்தத்தின் 3 மாதக் கணக்கு அதன் பிறகே ஓடத் தொடங்கும்.

ஏஜெண்டின் கட்டணத்துக்கு உண்மையான நியாயம் கிடைப்பது இங்கேதான் என்று நினைக்கிறேன். படம் எடுத்து இணையத்தில் போடுவதை வீட்டுக்காரரின் பேத்தியும் செய்வாள். நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடி எடுத்து, நிபந்தனையைப் படித்து, "இந்த வீட்டை இன்னாருக்குத்தான் விற்க முடியும், இத்தனை மாதம் ஆகும், ஆகையால் விலையை இப்படி வைப்போம்" என்று முதல் வாரத்திலேயே சொல்பவர் 3 விழுக்காட்டுக்கு உரியவர். முன்பணம் வாங்கிய பிறகு நிபந்தனையைக் கண்டுபிடிப்பவர் அல்ல. வரிக் கணக்கிலும் அவர் உதவ முடியும். 5 ஆண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் மலேசியக் குடிமக்களுக்கு 2022 முதல் சொத்து ஆதாய வரி இல்லை. அதற்குள் விற்பவர்கள், ஏஜெண்டுக்குக் கொடுத்த கட்டணத்தை ஆதாயத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதற்கு ரசீது வேண்டும். நெட் விலைக்காரர் ரசீது தரமாட்டார்.

மற்ற நாடுகளைப் பார்த்தால், விற்பவர் மட்டும் கொடுக்கும் நம் ஏற்பாடு எவ்வளவு நேரானது என்று தெரியும். அமெரிக்காவில் நெடுங்காலமாக விற்பவர் 5 முதல் 6 விழுக்காடு கொடுத்தார். அதில் பாதி வாங்குபவரின் ஏஜெண்டுக்குப் போனது. வாங்குபவருக்காகப் பேரம் பேசுபவருக்கு எதிராளியின் பணம்! அந்தப் பங்கு வீட்டு விளம்பரப் பட்டியலிலேயே குறிக்கப்பட்டிருக்கும், அதனால் குறைத்துக் கொடுக்கும் விற்பனையாளர் வீட்டை ஏஜெண்டுகள் காட்டாமல் ஒதுக்குகிறார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. 2023 அக்டோபரில் மிசூரி மாநில வீட்டுக்காரர்கள் தொடுத்த வழக்கில் நடுவர் குழு ஏறத்தாழ 180 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. 2024 மார்ச்சில் தேசிய முகவர் சங்கம் 41.8 கோடி டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது. அந்த ஆகஸ்ட் 17 முதல் பட்டியலில் அந்தப் பங்கைக் குறிப்பது நின்றது. வீடு பார்க்கப் போகுமுன் வாங்குபவர் தன் ஏஜெண்டோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்றும் ஆனது. தமிழ்நாட்டில் வழக்கம் வேறு. தரகர் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் ஆளுக்கு ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு வாங்குவார். 2016ஆம் ஆண்டு வீட்டுமனைச் சட்டம் முகவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது, கட்டணம் இவ்வளவு என்று வரம்பு வைக்கவில்லை. இருபுறமும் கட்டணம் வாங்கும் தரகர் எந்தப் புறத்து ஆள் என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை.

மலேசிய விதியில் அந்தத் தெளிவு இருக்கிறது. விற்பவர் கொடுக்கிறார், ஏஜெண்டு விற்பவரின் ஆள். அப்படியானால் வாங்குபவர், அவரும் தோட்டத்திலிருந்து வந்தவராக இருந்தால், தன்னோடு காரில் வந்து சிரித்துப் பேசி "நல்ல வீடு அக்கா" என்று சொல்பவர் தன் ஆள் அல்ல என்று தெரிந்திருக்க வேண்டும். கூரை ஒழுகுகிறதா, பின்கட்டை அனுமதி வாங்கிக் கட்டினார்களா என்பதை வாங்குபவரே பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டாவைத் தம் வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். முன்பணத்தைத் தனிநபர் வங்கிக் கணக்கில் போடக்கூடாது. ஏஜென்சியின் பெயரில் உள்ள கணக்கில் போட்டு, பெயர் அச்சிட்ட ரசீது வாங்க வேண்டும்.

மலிவு வீடுகளின் வெற்றிடத்தை நிரப்ப என்ன செய்யலாம்? பங்குக்கு மாதம் 10 ரிங்கிட் கட்டித் தோட்டங்களையே வாங்கிய சமூகம் இது. கூட்டுறவுச் சங்கமோ, மாவட்ட அளவில் இயங்கும் அமைப்போ, பதிவு பெற்ற ஒரு முகவர் நிறுவனத்தோடு பேசி, ஒரு தாமானில் விற்கவிருக்கும் பத்து வீடுகளை ஒன்றாக ஒப்படைக்கலாம். தனித்தனியாக 1,800 என்பது அந்த நெகோஷியேட்டருக்குப் போதாது, பத்தும் சேர்ந்தால் 18,000. செண்டாயானில் ஒரு வீட்டுக்குச் சமம். ஒரே பயணத்தில் பத்து வீடும் பார்க்கலாம், பட்டாத் தேடலையும் ஒன்றாகச் செய்யலாம். சங்கம் இதில் கமிஷன் வாங்கக்கூடாது, வாங்கினால் அதுவும் உரிமம் இல்லாத தரகாகிவிடும். முகவர்களைப் பதிவு செய்யும் வாரியம் தன் பங்குக்கு நியமனக் கடிதத்தின் தமிழ் விளக்கம் ஒன்றை வெளியிட வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற பெரியவர்கள் இன்று ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். எத்தனை விழுக்காடு, வரி எவ்வளவு, எப்போது கழிக்கப்படும், இந்த ஏஜெண்டு மட்டுமா அல்லது மற்றவரும் விற்கலாமா, கடிதம் எத்தனை மாதம் செல்லும் என்ற ஐந்தையும் ஒரு பக்கத்தில் தமிழில் போட அதிகச் செலவாகாது.

இதை இப்போதே செய்ய வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. லாபு, நீலாய் வட்டாரத்துச் செம்பனை நிலங்கள் 'மலேசியா விஷன் வேலி' திட்டத்துக்குள் வந்துவிட்டன. மிச்சமிருக்கும் லயங்களும் காலியாகும். இடப்பெயர்வுக்கு ஈடாக வீடு பெறும் குடும்பங்களும் இருக்கும். அப்படிப் பெற்ற பழைய வீடுகள் சிலவற்றுக்குத் தனிப்பட்டா இன்னும் வரவில்லை. நிலம் மேம்பாட்டாளரின் மூலப் பட்டாவிலேயே நிற்கிறது. அத்தகைய வீட்டை உரிமை ஒப்படைப்புப் பத்திரம் எழுதி விற்கலாம், ஆனால் மேம்பாட்டாளரின் உறுதிக் கடிதம் வேண்டும். மேம்பாட்டு நிறுவனம் கலைந்துபோயிருந்தால் அந்தக் கடிதத்துக்கே ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். பட்டா இல்லாத வீட்டைப் பாதி விலைக்குக் கேட்கும் நெட் விலைப் புரோக்கர்கள்தான் இந்த வீதிகளுக்கு முதலில் வருகிறார்கள். அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன், வீட்டுக்காரர் அந்த வீட்டின் ஒப்பந்தப் பிரதியையும் கதவு வரி ரசீதையும் எடுத்துக்கொண்டு சிரம்பான் நில அலுவலகத்துக்கு ஒருமுறை போய், தம் பட்டா எந்த நிலையில் நிற்கிறது என்று கேட்க வேண்டும்.